சிரிஞ்சு பிடித்த விரல்கள்

யாசென்கிராத்,
அக்டோபர் 19

அன்புள்ள அசென்,

அங்கே எல்லோருக்கும் உடம்பு ஒழுங்காக இருக்கிறதா? இங்கே எனக்கும் அப்பாவுக்கும் குறையொன்றுமில்லை, என் முழங்கால் மட்டும் மழை வரப்போவதை ரேடியோவுக்கு முன்பே சொல்லிவிடுகிறது. நீயும் என் மருமகள் ரலிட்சாவும் பேத்தி விதாக்குட்டியும் பிரேமன் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். இதோடு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். சுட்ட குடைமிளகாயும் தக்காளியும் போட்ட தொக்கு ஆறு பாட்டில், ஒவ்வொன்றையும் அப்பாவின் பழைய காலுறைக்குள் திணித்திருக்கிறேன், துவைத்த காலுறைதான், ரலிட்சா முகம் சுளிக்க வேண்டாம். இந்த வருஷம் தொக்கில் கொஞ்சம் கருகல் வாசனை அடிக்கும். போன வருஷம் வரை தெருப் பெண்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து, ஒருத்தி சுட ஒருத்தி தோலுரிக்க ஒருத்தி கிண்ட என்று ஒரே நாளில் முடித்துவிடுவோம். இந்த முறை ஒருத்திக்குக் காலை ஷிப்ட் என்றால் அடுத்தவளுக்கு மாலை ஷிப்ட், ஒரே நாளில் இரண்டு பேருக்கு லீவு கிடைக்கவில்லை. முற்றத்தில் தனியாக உட்கார்ந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை நானே சுட்டேன், நானே உரித்தேன், கிண்டும்போது உரிப்பது நின்றது, உரிக்கும்போது அடி பிடித்தது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் போனில் பேசும்போது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார், அதனால் தொக்கைப் பற்றியும் மழையைப் பற்றியும்தான் பேச முடிகிறது. உனக்கு எழுதச் சொல்லி அவர் மூன்று வாரமாக என்னைப் பிடுங்குகிறார். அவர் எழுதச் சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன். நம் ஊர்க் குண்டு ஆலையில் கடைசல் பிரிவுக்கு ஒரு மேஸ்திரி வேண்டுமாம். நீ ஜெர்மனியில் ஓட்டும் அதே வகை மிஷின்தானாம். பிரிவின் தலைவரிடம் அப்பாவே பேசி, புத்தாண்டு வரைக்கும் அந்த இடத்தை உனக்காக நிறுத்தி வைத்திருக்கிறார். சம்பளம் பிரேமனுக்கு ரொம்பக் குறைவாக இருக்காது. மாடியில் இரண்டு அறைக்கும் வெள்ளையடித்தாயிற்று, விதாவின் அறைக்கு மஞ்சள் பூசியிருக்கிறார், பூசிவிட்டுக் கீழே வந்து என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார், மூக்கு நுனியில்கூட மஞ்சள். ஒரே வார்த்தை எழுது, வா என்று எழுது, போதும் என்கிறார். எழுதிவிட்டேன். இனி வருவதெல்லாம் அவர் எழுதச் சொல்லாதது.

அவர் மேல் கோபப்படாதே. தொண்ணூற்றேழாம் வருஷக் குளிர்காலத்தில் உனக்கு ஏழு வயது, ஆலையை இழுத்து மூடிய அன்று அவர் வீட்டுக்கு வந்து தன் வேலை உடுப்பை மடித்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தது உனக்கு நினைவிருக்காது. அதற்குப் பிறகு கிரேக்க நாட்டில் போய் ஆலிவ் பறித்தார், காளான் பொறுக்கினார், ஊரான் வீட்டுக்கு ஓடு மாற்றினார். பத்தொன்பது வயதில் நீ பஸ் ஏறினபோது அவர் உன்னைத் தடுக்கவில்லை, தடுக்க அவரிடம் எதுவும் இல்லை. இப்போது வடக்கே போர் வந்து ஆலை மூன்று ஷிப்ட் ஓடுகிறது, அறுபது வயது ஆளைக் கூப்பிட்டு, தோப்ரி ஐயா இதைக் கொஞ்சம் பாருங்கள் என்று கேட்கிறார்கள். காலையில் சவரம் பண்ணும்போது பாடுகிறார். இருபத்தைந்து வருஷமாக அந்த மனிதர் பாடி நான் கேட்டதில்லை. அதனால்தான் அவரிடம் எதையும் என்னால் நேராகச் சொல்ல முடியவில்லை, சொன்னால் அந்தப் பாட்டு நின்றுவிடும் போல இருக்கிறது.

ஊரைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஊரில் காசு இருக்கிறது, அதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். எதிர்வீட்டுப் பென்காவின் மகன் ஸ்பெயினிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்துவிட்டான், பென்கா தெருவில் நடக்கிற நடையே மாறிவிட்டது. சந்தைக்குப் பக்கத்தில் காப்பிக்கடை மூன்று, புதுக் கார் நிறுத்த இடமில்லை. ஆனால் நகரத்துக்குப் போகும் காலை பஸ் நின்றுவிட்டது, டிரைவர் இப்போது ஆலையில் வண்டி ஓட்டுகிறார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் இல்லை, அவள் ஆலையில் குண்டுகளின் அளவு சரிபார்க்கிறாள், பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி வாத்தியார் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். ரொட்டிக்கடைக்காரர் ஆள் கிடைக்காமல் அடுப்பை அணைத்துவிட்டார், ரொட்டி நகரத்திலிருந்து பிளாஸ்டிக் பையில் வருகிறது. ஜனவரியில் யூரோ வரப்போகிறது என்று கடைகளில் எல்லாவற்றுக்கும் லெவாவில் ஒரு விலை, யூரோவில் ஒரு விலை எழுதி வைத்திருக்கிறார்கள், இரண்டு விலையிலும் வெண்ணெய் வாங்க முடியவில்லை. இதெல்லாம் வளர்ச்சி என்கிறார் அப்பா. பஸ் ஓடினால் பிள்ளை பள்ளிக்கூடம் போகும், ரொட்டி தின்றால் மறுநாள் வேலைக்குத் தெம்பு வரும், ஆலை செய்கிற சாமானை இந்த ஊரில் யார் தின்ன முடியும், யார் உடுத்த முடியும் என்று கேட்டேன். ஆலை கட்டுற வரியிலதான் உன் ஆஸ்பத்திரியே ஓடுது என்றார். ஆஸ்பத்திரி ஓடுகிற கதையைத்தான் உனக்கு எழுத வந்தேன்.

குழந்தைகள் வார்டு மூடப்பட்டது உனக்குத் தெரியும், எப்படி மூடப்பட்டது என்று தெரியாது. இருபத்தொன்பது வருஷம் அங்கே இருந்தேன், கடைசிப் பதினொரு வருஷம் ஹெட் நர்ஸ். போன வருஷம் வசந்தத்தில் நெவேனா என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். உனக்கு அவளைத் தெரியும், உன் கல்யாணத்தில் விடாமல் ஆடினாளே அவள்தான். அக்கா, ஆலையில் கூப்பிடுகிறார்கள், இதைப்போல இரண்டு மடங்கு தருகிறார்கள், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யட்டும் என்றாள். ஆலைக்கு நர்ஸ் எதற்கு என்றேன். குண்டின் நுனியில் வெடிக்க வைக்கிற ஒரு சின்னப் பாகம் இருக்கிறது, ஊரில் அதை மூக்கு என்பார்கள், கடுகு மாதிரி உருப்படிகளை இடுக்கியால் எடுத்துப் பொருத்த வேண்டும், கை நடுங்கினால் போயிற்று. மூன்று மாதக் குழந்தையின் கையில் நரம்பு தேடி ஊசி போட்டவர்களுக்கு அது தண்ணி பட்ட பாடு என்று எவனோ ஆலையில் கண்டுபிடித்திருக்கிறான். அதற்குப் பிறகு அவர்கள் வேறு எங்கும் ஆள் தேடவில்லை. நெவேனா போனாள், கோடையில் இருவர் போனார்கள், கிறிஸ்துமஸுக்கு முன்னால் இன்னொருத்தி. நான் நெவேனாவோடு பேச்சை நிறுத்தினேன். அவள் கடைத்தெருவில் எதிரே வந்தால் நான் ஜன்னல் சாமான்களைப் பார்ப்பேன்.

வார்டு நடத்த இத்தனை நர்ஸ் இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மூன்று பேரை வைத்துக்கொண்டு டாக்டர் ஹாஜியேவ் தாக்குப்பிடித்தார். எழுபத்தோரு வயது, குழந்தைகளுக்குத் தானே மூச்சு மருந்து பிடித்தார், தானே படுக்கை விரித்தார். சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டினால் இரண்டு பேராவது திரும்பி வருவார்கள் என்று தலைநகரத்துக்கு மூன்று மனு எழுதினோம். நிதி இல்லை என்று மூன்றுக்கும் ஒரே பதில், கையெழுத்து மட்டும் வேறு வேறு. இதற்கு நடுவில் ஆலை தன் ஆண்டுவிழாவுக்கு வார்டுக்கு ஒரு புது ஆக்சிஜன் மிஷின் அன்பளிப்பாகக் கொடுத்தது, முன்பக்கம் ஆலையின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. ஜெர்மன் மிஷின், நல்ல மிஷின், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அப்படிப்பட்ட மிஷினை ஓட்டப் பழகியிருந்த நான்கு பேரில் நான் ஒருத்திதான் மிச்சம், மற்ற மூவரும் ஆலையில். ஏப்ரலில் மூடும் உத்தரவு வந்தது.

மே மாதம் புனித கியோர்கி திருநாளன்று துணை மந்திரி ஒருவர் ஊருக்கு வந்தார், அன்றைக்கே ராணுவ தினமும் அல்லவா, ஆலையின் புதுக் கூடத்தைத் திறந்துவைத்துவிட்டு மத்தியானம் கலாசார மன்றத்தில் கூட்டம். தெருவெல்லாம் ஆட்டிறைச்சி வறுக்கும் வாசனை. டாக்டர் எழுந்து கேட்பதாக இருந்தது, அவருக்குக் காலையிலிருந்து ரத்த அழுத்தம், அதனால் நான் எழுந்தேன். நூறு நூற்றைம்பது பேருக்கு முன்னால் நான் பேசினதே இல்லை. வார்டை மூடாதீர்கள் என்று கேட்டேன். அவர் மரியாதையான மனிதர், கோபப்படவில்லை. பாதுகாப்புக்குப் போகும் பணம் வேறு, சுகாதாரத்துக்குப் போகும் பணம் வேறு, ஒன்றை எடுத்து இன்னொன்றில் போட முடியாது, மேலும் பாதுகாப்பில் போடும் ஒவ்வொரு லெவாவும் நாட்டின் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்துகிறது, இந்த ஊரே அதற்குச் சாட்சி என்றார். நான் உட்காராமல் சொன்னேன், "ஐயா, பணம் வேற வேற பையிலேர்ந்து வருதுன்னு சொல்றீங்க, சரி, எனக்கு அது தெரியாது. ஆனா கை வேற வேற இல்லையே. எங்க வார்டுல சிரிஞ்சு பிடிச்ச அதே பத்து விரல்தான் இப்ப உங்க குண்டுக்கு மூக்கு மாட்டுது. நர்ஸ் ஒருத்தி உருவாக நாலு வருஷம் படிப்பு, பத்து வருஷம் பழக்கம். அவளை எந்தப் பையிலேர்ந்து எடுத்துத் தருவீங்க?"

உடனே பின்வரிசையிலிருந்து ஒரு குரல், உட்காரு ருமியானா, திரும்பவும் ஆலையை மூடவைக்கப் பார்க்கிறாயா என்று. அடுத்து இன்னொரு குரல், உன் பிள்ளை ஜெர்மனியிலிருந்து அனுப்புகிறான், எங்களுக்கு யார் அனுப்புகிறார்கள் என்று. அப்புறம் சிரிப்பு, மேஜையைத் தட்டுகிற சத்தம். மந்திரியின் ஆட்கள் யாரும் கத்தவில்லை அசென், கத்தினது முழுக்க நம் ஊர்க்காரர்கள், அதில் பாதிப் பேரின் பிள்ளைகளுக்கு நான் ஊசி போட்டிருக்கிறேன். முதல் குரல் பென்காவுடையது. உன் அப்பா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது அப்பா, "நீ சொன்னது தப்புன்னு நான் சொல்லல. ஆனா அங்க வெச்சுச் சொல்லியிருக்க வேணாம்," என்றார். வேறு எங்கே வைத்துச் சொல்வது என்று கேட்க நினைத்தேன், ஆட்டிறைச்சி ஆறிக்கொண்டிருந்தது, அவர் தட்டில் போட்டுக்கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

ஜூன் முப்பதாம் தேதி கட்டில்களை எண்ணிக் கையெழுத்துப் போட்டு வார்டைப் பூட்டினோம். டாக்டர் ஹாஜியேவ் தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மறந்ததுபோல வெளியே வந்துவிட்டார், எடுத்துத் தரட்டுமா என்றதற்கு, அது அங்கேயே இருக்கட்டும் ருமியானா, யாராவது வந்தால் ஆள் இருந்த இடம் என்று தெரியட்டும் என்றார். இப்போது மகள் வீட்டில் இருக்கிறார், ஊருக்கே வருவதில்லை.

ஆகஸ்டில் ஒரு நாள் பட்டப்பகலில் பென்கா என் கதவை இரண்டு கையாலும் அடித்தாள். ஸ்பெயினிலிருந்து வந்த பேரன், இரண்டரை வயது, இருமினால் நாய் குரைப்பதுபோல ஒரு சத்தம், மூச்சு இழுக்கத் திணறல், உதடு நீலம். தொண்டை வீங்கி மூச்சுக்குழாயை அடைக்கிறது என்று பிள்ளையைப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. முன்பென்றால் தெருவைத் தாண்டினால் வார்டு, கால் மணி நேரத்தில் மருந்து இறங்கியிருக்கும், மிஷின் இருக்கிறது, பித்தளைத் தகடோடு இருக்கிறது, பூட்டின கதவுக்குப் பின்னால். நகரத்து ஆஸ்பத்திரி ஒரு மணி பத்து நிமிஷம். பென்காவின் மகன் ஓட்டினான், நான் பின்சீட்டில் பிள்ளையை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டேன், ஜன்னலைத் திறந்து காற்று படும்படி முகத்தைத் திருப்பிப் பிடித்தேன், அழுதால் மூச்சு இன்னும் அடைக்கும் என்பதால் உனக்குச் சின்ன வயதில் சொன்ன அதே கழுதைக் கதையைச் சொல்லிக்கொண்டே போனேன். மலைத் திருப்பத்தில் ஆலையின் லாரி வரிசை, பதினான்கு லாரி, ஒதுங்க இடமில்லை, பின்னாலேயே ஊர்ந்தோம். அந்தப் பதினான்கையும் நான் எண்ணினேன், எண்ணாமல் இருந்தால் பிள்ளையின் மூச்சை எண்ணியிருப்பேன். கடவுள் புண்ணியத்தில் பிழைத்துவிட்டான், நன்றாக இருக்கிறான், நேற்றுகூட நம் வேலியில் ஏறினான். நகரத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது பென்கா என் பக்கம் திரும்பாமலே, "அன்னைக்கு முதல்ல கத்தினது நான்தான் ருமியானா," என்றாள். தெரியும் என்றேன். அவ்வளவுதான் பேசினோம். மறுநாள் காலை ஷிப்டுக்கு அவளும் ஆலைக்குப் போனாள். போகாமல் என்ன செய்வாள், மகன் வீடு கட்டக் கடன் வாங்கியிருக்கிறான், ஆலை ஓடுகிற வரைக்கும் அடைக்கக்கூடிய கடன்.

இப்போது உனக்குத் தெரியாத விஷயத்தைச் சொல்கிறேன், போனில் அப்பா மறைக்கச் சொன்னார், நீ வருத்தப்படுவாய் என்று. செப்டம்பர் எட்டாம் தேதியிலிருந்து நானும் ஆலையில்தான் வேலை செய்கிறேன். பென்ஷனுக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது, நகரத்து ஆஸ்பத்திரியில் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள், காலை பஸ் இல்லை என்று சொன்னேனே, எப்படிப் போவேன். ஆள் எடுக்கும் அறையில் ஒரு சின்னப் பெண் என்னை இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு தாளை வைத்தாள். தாள் அசையவில்லை. இந்த வயசுல இப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லைம்மா என்றாள். ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாக இருந்தது. அசென், அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் இன்றுவரை வெட்கப்படுகிறேன். உள்ளே போனால் நீள மேஜையில் என் பழைய வார்டே வரிசையாக உட்கார்ந்திருக்கிறது, வெள்ளைக் கோட்டு, தலையில் தொப்பி, வாயில் துணி, குழந்தைகள் மட்டும் இல்லை. நெவேனா என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். அரை மணி கழித்து, நான் இடுக்கியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து, "அக்கா, கட்டைவிரலைக் கொஞ்சம் கீழ வைங்க, மணிக்கட்டு வலிக்காது," என்றாள். பதினாறு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது நான்.

வடக்கே வீடு இடிந்தவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை, அப்படிச் சொல்ல நான் யார். நாளைக்கு நம் தலையில் விழுந்தால் நானும்தான் கேட்பேன். என் வயிற்றெரிச்சல் வேறு. புதுக் கூடத்துக்குப் பணம் ஒரே குளிர்காலத்தில் கிடைத்தது, நான்கு நர்ஸுக்கு மூன்று மனு எழுதியும் கிடைக்கவில்லை. அதையும்கூட நான் ஒருவேளை பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாமல் போனது போன செவ்வாய்க்கிழமை நடந்தது, அதற்காகத்தான் இந்தக் கடிதம். சாப்பாட்டு நேரத்தில் ரேடியோவில் செய்தி, போரை நிறுத்தப் பேச்சுவார்த்தை நடக்கிறது, இந்த முறை ஒப்பந்தம் ஆகிவிடலாம் என்று. நெவேனா கரண்டியைக் கீழே வைத்தாள். எனக்கு முதலில் வந்த நினைப்பு, அங்கே சாகிற பிள்ளைகள் இனிச் சாக மாட்டார்கள் என்பதில்லை. அப்படியானால் நம்மை எப்போது நிறுத்துவார்கள், எனக்கு ஆறு வருஷம் ஆகுமா என்பதுதான் முதலில் வந்தது. இருபத்தொன்பது வருஷம் குழந்தைகளை மடியில் வைத்திருந்தவள் உன் அம்மா, அவளுக்கு ஐந்தே வாரத்தில் இப்படி ஒரு நினைப்பு வருகிறது. அன்று மாலை பேச்சு முறிந்துவிட்டது என்று செய்தி வந்தபோது கூடத்தில் யாரோ இனிப்பு ரொட்டி வாங்கி வந்தார்கள், எதற்கென்றும் இல்லை, சும்மாதான் என்றார்கள். எல்லோரும் எடுத்தார்கள். நானும் ஒரு துண்டு எடுத்துத் தின்றேன்.

அதனால் மகனே, நான்கு வருஷமாக உன் முகத்தைத் தொட்டுப் பார்க்காத நான், விதா பிறந்ததிலிருந்து அவளை ஒரே தடவை தூக்கின நான், என் கையால் எழுதுகிறேன், வராதே. ஆலைக்காக வராதே. வார்டு இல்லாத ஊருக்கு மூச்சிழுப்பு இருக்கிற விதாவைக் கூட்டி வராதே, அது ஒரு காரணம். இன்னொரு காரணம், நீயும் ஒரு நாள் அந்த மேஜையில் உட்கார்ந்து ரேடியோ கேட்பாய். அதை நான் பார்க்க வேண்டாம். கோடையில் பத்து நாள் மூவரும் வாருங்கள், அந்த மஞ்சள் அறையில் படுங்கள், போய்விடுங்கள். அப்பாவிடம் பிரேமனில் சம்பளம் கூட்டிவிட்டார்கள் என்று சொல், பொய்யானாலும் பரவாயில்லை, அவரால் தாங்கக்கூடிய காரணம் அது ஒன்றுதான்.

விதாவுக்கு மூச்சு மருந்து கொடுத்த பிறகு வாயைக் கொப்பளிக்க வைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் நாக்கில் புண் வரும். ரலிட்சாவின் இருமலுக்கு கஷாயம் வைக்க லிண்டன் பூ ஒரு பொட்டலம் தனியாக வைத்திருக்கிறேன். மூவரும் ஆயுசோடும் ஆரோக்கியத்தோடும் ஒருவருக்கொருவர் துணையாக இருங்கள், அந்தக் குழந்தை நல்ல மூச்சு விட்டு வளரட்டும், என் மிச்ச வருஷங்களும் அவளுக்கே சேரட்டும். இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் செய், தொக்கு வந்து சேர்ந்தது என்று மட்டும் சொல், நீ இதைப் படித்துவிட்டாய் என்று நான் புரிந்துகொள்வேன். படித்துவிட்டு எங்கேயும் வைக்காதே, கிழித்துவிடு, வரும்போது அப்பா கண்ணில் படக் கூடாது. அவர் இப்போது மாடியில் ஜன்னலுக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருக்கிறார், பாட்டுச் சத்தம் கீழே வரை கேட்கிறது.

முத்தங்களுடன்,
உன் அம்மா
ருமியானா